மென்பொருள் காட்டியதா, வானத்தில் இருந்ததா?

ஆஸ்ட்ரோபோட்டோகிராஃபி, அதாவது இரவு வானத்தைப் படம் எடுப்பது, பழகத் தொடங்கியவர்கள் தங்கள் கோப்புகளை எனக்கு அனுப்பி, "சார், இதை எந்த சாஃப்ட்வேர்ல போட்டா நல்லா வரும்?" என்று கேட்பார்கள். பயிற்சி வகுப்புகள் நடத்துவதும், இப்படி வரும் கோப்புகளைத் திறந்து எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதும் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான படங்கள் மென்பொருளுக்குள் போவதற்கு முன்பே, எடுக்கும்போதே கெட்டுப்போயிருக்கின்றன. மீதிப் படங்கள் நன்றாக எடுக்கப்பட்டு, மென்பொருளால் கெடுக்கப்படுகின்றன. இந்த இரண்டாவது வகை சமீப காலமாகக் கூடிக்கொண்டே வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குத் தேவையான நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேமராவையும் டெலஸ்கோப்பையும் கணினி வழியாக இயக்க விண்டோஸில் நினா இருக்கிறது. லினக்ஸ், மேக் பயன்படுத்துபவர்களுக்கு கேஸ்டார்ஸும் அதனுடன் வரும் ஈகோஸும் இருக்கின்றன. டெலஸ்கோப் நட்சத்திரத்தை விட்டு விலகாமல் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங்குக்கு பிஎச்டி2. டெலஸ்கோப் வானத்தில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று நட்சத்திரங்களை வைத்தே கண்டுபிடிக்க ஆஸ்டாப். பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங் செய்ய சிரில், அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர். பின்புல ஒளியை நீக்க கிராக்ஸ்பெர்ட். கடைசி மெருகுக்கு கிம்ப். படங்களைச் சேர்த்து மெருகூட்டும் பிக்ஸ்இன்சைட் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள், அதன் ஆற்றல் பெரியது. ஆனால் அதற்கும் 45 நாள் இலவசச் சோதனை உரிமம் உண்டு. சிரிலில் செய்ய முடிவதையெல்லாம் செய்து பார்த்து, அது போதவில்லை என்று தோன்றும்போது அதைப் பற்றி யோசித்தால் போதும். கிராக் செய்யப்பட்ட பிரதிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். பல மாதங்களாகச் சேர்த்த கோப்புகள் இருக்கும் கணினியில், யாரோ திறந்து மாற்றிய ஒரு நிரலை ஓட்டுவது பெரிய ஆபத்து. இலவசமாகவே நல்லது கிடைக்கும் துறையில் அதற்கு அவசியமும் இல்லை.

சரி, எடுக்கும் இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டெலஸ்கோப்பைத் தாங்கி, நட்சத்திரங்களோடு சேர்த்துத் திருப்பும் மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைக்க வேண்டும். அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் நமக்கு மிகத் தாழ்வாகத் தெரிகிறது. சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரிதான். அந்த உயரத்தில் தூசி, புகைமூட்டம், பக்கத்து வீட்டுத் தென்னை, ஏதாவது ஒன்று மறைத்துவிடும். ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் போடும் வீடியோக்களில் "துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்ட்டை நேராக்குங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே மொட்டைமாடியில் பாதி இரவைத் தொலைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நினாவில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்று ஒரு கூடுதல் செருகுநிரல் இருக்கிறது. வானத்தில் தெளிவாகத் தெரியும் எந்தப் பகுதியிலும் மூன்று படங்களை எடுத்து, அவற்றிலிருந்து மவுண்ட்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே வேண்டாம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது சிக்கல் வெப்பம். சென்சாரில் ஒளியே விழாதபோதும் வெப்பத்தால் ஒரு பொய்யான சிக்னல் உருவாகும். ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் அது இரட்டிப்பாகும். மார்ச், ஏப்ரல் இரவுகளில் குளிரூட்டி இல்லாத சாதாரண டிஎஸ்எல்ஆரில் இந்தத் தொல்லை கண்கூடாகத் தெரியும். அதைக் கழிக்கத்தான் டார்க் ஃப்ரேம். லென்ஸை மூடிவிட்டு அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, அதே வெப்பநிலையில் எடுக்க வேண்டும். பலரும் மறுநாள் ஏசி அறையில் உட்கார்ந்து டார்க் எடுத்து அனுப்புகிறார்கள். அது கழிக்க வேண்டிய அளவைக் கழிக்காது, சிவப்பும் நீலமுமான புள்ளிகள் படம் முழுக்க அப்படியே மிஞ்சும். படப்பிடிப்பு முடிந்த கையோடு, கேமரா வெளியிலேயே இருக்கும்போது டார்க் எடுத்துவிடுங்கள். அதோடு, மிஞ்சும் புள்ளிகள் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழாதபடி, ஒவ்வொரு சில ஃப்ரேமுக்கும் இடையே டெலஸ்கோப்பைச் சில பிக்சல் தூரம் நகர்த்தும் டிதரிங் வசதியை நினாவிலும் பிஎச்டி2-விலும் கட்டாயம் இயக்கி வையுங்கள். குளிர் நாடுகளில் இதைச் சிலர் விருப்பத்துக்கு விட்டுவிடுவார்கள். நமக்கு இது இல்லாமல் முடியாது.

ஃப்ளாட் ஃப்ரேம் விஷயத்தில்தான் நான் அதிகம் மன்றாட வேண்டியிருக்கிறது. லென்ஸின் ஓரங்கள் நடுவைவிட இருட்டாக விழும். சென்சார் மேல் படிந்த தூசி வட்ட வட்டமான நிழலாக விழும். ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்த படம் இருந்தால், மென்பொருள் அதை வைத்து வகுத்து இரண்டையும் சரிசெய்துவிடும். டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி விடியற்கால வானத்தை நோக்கி எடுக்கலாம், அல்லது டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து எடுக்கலாம். பிரகாசத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு நடுவில் இருந்தால் சரி. ஆனால் ஃபோகஸை மாற்றக் கூடாது, கேமராவைக் கழற்றக் கூடாது, திருப்பவும் கூடாது. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். இதைச் செய்யாதவர்கள் பிறகு பின்புலம் நீக்கும் மென்பொருளை வைத்து ஓர இருட்டைத் துடைக்கப் பார்க்கிறார்கள். உண்மையான இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அது எப்படி என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை உலகில் படம் எடுக்காத ஆளே கிடையாது. அதற்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் வாயுவின் நீலப்பச்சை ஒளியில் ஒரு நீண்ட வில் இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரொட்னர், யான் செயின்டி என்ற மூன்று அமெச்சூர்கள். நூறு மணி நேரத்துக்கும் மேலான எக்ஸ்போஷர் அதற்குத் தேவைப்பட்டது. அவர்கள் அதை உடனே நம்பிவிடவில்லை. வேறு இடங்களில், வேறு கருவிகளால் எடுத்த படங்களிலும் அது தெரிகிறதா என்று உறுதிசெய்த பிறகே வெளியிட்டார்கள். அந்தப் படம் அந்த ஆண்டின் சிறந்த வானியல் ஒளிப்படப் போட்டியிலும் வென்றது. யோசித்துப் பாருங்கள்: அவ்வளவு மங்கலான, அகலமான ஒளி, தெருவிளக்கால் வரும் பின்புல வெளிச்சத்தைப் போலத்தான் இருக்கும். பின்புல நீக்கத்தை முரட்டுத்தனமாக ஓட்டினால் மென்பொருள் அதையும் குப்பை என்று கழித்துவிடும். ஃப்ளாட் சரியாக இருந்தால் பின்புல நீக்கத்துக்கு வேலை குறைவு, மென்மையாக ஓட்டினாலே போதும். சிரிலில் பின்புல மாதிரிப் புள்ளிகளை வைக்கும்போது அவை நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் மேலேயோ கேலக்ஸியின் ஓரத்திலேயோ விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விழுந்திருந்தால் அழித்துவிடுங்கள். கழித்த பிறகு, கழிக்கப்பட்ட பகுதியைத் தனிப் படமாகத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் நெபுலாவின் வடிவம் தெரிந்தால், நெபுலாவைத்தான் கழித்திருக்கிறீர்கள்.

ஸ்டாக்கிங் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, சிரில் அதைத் தானே செய்துவிடும். லைட்ஸ் (வானத்தை எடுத்த படங்கள்), டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயாசஸ் (லென்ஸை மூடி மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்தவை) என்று அது கேட்கும் பெயர்களில் நான்கு ஃபோல்டர்கள் வைத்து ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் போதும். கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: சிக்னல் படங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும், இரைச்சல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 4 படம் சேர்த்தால் தெளிவு இரண்டு மடங்கு, 16 சேர்த்தால் நான்கு மடங்கு, 100 சேர்த்தால் பத்து மடங்கு. ஜேபெக்கில் எடுக்காதீர்கள். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், சென்சார் பதிந்ததை அப்படியே தரும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். நெபுலா ஒளிந்திருப்பது அடியில் இருக்கும் சில படிகளில்தான். அப்புறம், ஸ்டாக் முடிந்து திறந்ததும் படம் கறுப்பாக இருக்கிறது என்று பயந்து எனக்கு எழுதுகிறார்கள். கறுப்பாகத்தான் இருக்கும். சிரிலில் காட்சி முறையை, மங்கியதைப் பிரகாசமாக்கிக் காட்டும் ஆட்டோஸ்ட்ரெட்ச்சுக்கு மாற்றினால் உள்ளே இருப்பது தெரியும். அது காட்சியை மட்டுமே மாற்றுகிறது, கோப்பை மாற்றுவதில்லை. கிம்ப்புக்குக் கொண்டுபோகும் முன் முறையாக ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டும்.

இப்போது கூர்மையாக்கும் கருவிகள். இந்த ஆபத்து ஏஐ வந்த பிறகு தோன்றியதல்ல. கோள்களைப் படம் எடுப்பவர்கள் வீடியோவாக எடுத்து, ஆட்டோஸ்டேக்கர்ட்டில் நல்ல ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, ரெஜிஸ்டேக்ஸின் வேவ்லெட்டுகளால் கூர்மையாக்குவது பல ஆண்டுப் பழக்கம். அதிகமாக இழுத்தால் செவ்வாயின் ஓரத்தை ஒட்டி உள்பக்கமாக ஒரு மெல்லிய வளைவு தோன்றும். பார்க்க வளிமண்டல மேகம் போலவே இருக்கும், ஆனால் அப்படி ஒன்று அங்கே கிடையாது. அது கணக்கின் பிழை. பழகியவர்களுக்கு இது தெரியும், புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஏஐ கருவிகளில் இந்தப் பிழை இன்னும் இயல்பான உருவத்தில் வருவதால் கண்டுபிடிப்பது கடினம். வானியல் படங்களுக்கென்றே பயிற்சி தரப்பட்ட கருவிகளை அளவோடு பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முகங்களிலும் பறவைகளிலும் பயிற்சி பெற்ற பொதுவான போட்டோ மென்பொருளில் நெபுலாவைப் போட்டால், இரைச்சலையே நார் நாராக மாற்றி "விவரம்" என்று காட்டும். வாயு இழைகள் உள்ள நெபுலாவில் அது எவ்வளவு எளிதாக நம்மை ஏமாற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. நட்சத்திரங்களை நீக்கும் ஸ்டார்நெட் போன்றவையும் சில நேரம் தொலைவிலுள்ள சிறு கேலக்ஸியை நட்சத்திரம் என்று எண்ணி எடுத்துவிடும். 2023 மார்ச்சில், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் கேலக்ஸி போனால் எடுத்துக் காட்டினார் ஒருவர். மூலத்தில் இல்லாத விவரங்கள் போன் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்தும் ஏஐ வசதி இருப்பதாக நிறுவனமே பிறகு விளக்கியது. நிலா ஒன்றுதான், எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது, அதனால் ஊகிக்கலாம். ஒரு நெபுலாவின் மங்கிய ஓரத்தை எந்த மென்பொருளாலும் அப்படி ஊகிக்க முடியாது.

நான் சொல்லிக் கொடுக்கும் சோதனை எளிமையானது. உங்கள் ஃப்ரேம்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் இன்னொரு பக்கம். தனித்தனியாக ஸ்டாக் செய்து, தனித்தனியாக அதே அமைப்புகளில் மெருகூட்டுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் தெரியும் இழையை நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். 2019 ஏப்ரலில் வெளியான எம் 87 கேலக்ஸியின் கருந்துளைப் படத்தை உருவாக்கியவர்களும் இதே கவலையோடுதான் வேலை செய்தார்கள். நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே படத்தை உருவாக்கினார்கள். எல்லாவற்றிலும் வளையம் வந்த பிறகே மேலே போனார்கள். அவர்களுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால் நமக்கு இரண்டு மடங்கு தேவை. ஆனால் இந்தச் சோதனையிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஃப்ளாட் தவறாக இருந்தால் அந்தப் பிழை இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி வரும். அதனால் மேலே சொன்ன படிகளைத் தவிர்த்துவிட்டு இதை மட்டும் நம்ப முடியாது.

ரா கோப்புகளை அழிக்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் 200 ஃப்ரேம் என்றால் 5 அல்லது 6 ஜிபிதான் ஆகும். ஸ்டாக் செய்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்கள், நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி செய்ய வழியில்லாமல் நிற்கிறார்கள். அறிவியலுக்கும் அது இழப்பு. 2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இடகாகி எம் 101 கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார். அதற்குச் சில மணி நேரம் முன்பு அதே கேலக்ஸியைத் தற்செயலாகப் படம் எடுத்திருந்த அமெச்சூர்களின் கோப்புகள், வெடிப்பு எப்போது தொடங்கியது என்று கணிக்க ஆய்வாளர்களுக்கு உதவின. மெருகூட்டிய அழகான ஜேபெக்கில் பிரகாசத்தை நம்பி அளக்க முடியாது. நேரம் பதிந்த மூலக் கோப்பு வேண்டும். மலைப்பகுதியில் நெட்வொர்க் கிடைக்காத இடத்துக்குப் போகும் முன் லேப்டாப் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். கேமரா கடிகாரத்தையும் பாருங்கள், அது பெரும்பாலும் சில நிமிடங்கள் தள்ளியே ஓடும்.

படத்தை வெளியிடும்போது கீழே எக்ஸ்போஷர், ஃபில்டர், எடுத்த இடம் இவற்றோடு எந்த மென்பொருளில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஏஐ கருவி பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரையும் சேருங்கள். வேறு இரவில் எடுத்த நிலாவையோ நிலக்காட்சியையோ ஒட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஒட்டுவதில் தவறில்லை. என்னிடமோ வேறு அனுபவசாலியிடமோ உதவி கேட்பதாக இருந்தால் முடிந்த படத்தை அனுப்ப வேண்டாம். திருத்தாத ஒரு லைட், ஒரு டார்க், ஒரு ஃப்ளாட், மூன்றையும் ரா கோப்பாகவே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள்.