கேவிட்டேஷன்: குழி எங்கே?

பல் டாக்டர் ‘கேவிட்டி’ என்றால் சொத்தை. அந்தப் பழக்கத்தில், வால்வில் ‘கேவிட்டேஷன்’ என்றதும் உலோகத்தில் விழும் குழியைத்தான் நினைக்கிறோம். குழி விழுவது உண்மை. பெயர் வந்தது அதனால் அல்ல.

லத்தீனில் ‘காவுஸ்’ என்றால் உள்ளே வெறுமையானது. 1890களில் இங்கிலாந்தின் ‘டேரிங்’ போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. கப்பலைத் தள்ளும் விசிறியின் இலையை ஒட்டித் தண்ணீருக்குள் வெற்றிடம் உண்டாவதுதான் காரணம் என்று கப்பல் பொறியாளர்கள் தார்னிகிராஃப்டும் பார்னபியும் 1895இல் எழுதினார்கள். ‘கேவிட்டேஷன்’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தவர் இன்னொரு கப்பல் பொறியாளர், ஆர். இ. ஃப்ரூட். ஆக, முதல் குழி தண்ணீரில்தான்.

பிரஷர் குறைக்கும் வால்விலும் இதே கதை. இடுக்கில் தண்ணீர் சீறிப் பாயும்போது அழுத்தம் சரியும். 25 டிகிரித் தண்ணீர் 0.03 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு; நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் சுமார் 1 பார்) இறங்கினால், அடுப்பே இல்லாமல் கொதித்துக் குமிழி கட்டும். இடுக்கைத் தாண்டி அழுத்தம் மீண்டதும் குமிழி நசுங்கும். சுவரை ஒட்டி நசுங்கினால் ஊசி மாதிரி நீர்த்தாரை உலோகத்தைக் குத்தும். ஒருமுறை பிரித்துப் பார்த்த வால்வின் சீட், அதாவது மூடி வந்து உட்காரும் இடம், கறையான் அரித்த மரம் போல இருந்தது. கழற்றும்வரை பைப்புக்குள் ஜல்லி ஓடுகிற சத்தம்.

தமிழில்? ‘குழிவாதல்’ மறுபடி உலோகக் குழிக்கே இழுக்கிறது. ‘குமிழியாதல்’ பாதிக் கதை. உலையில் வைத்த தண்ணீரும் குமிழியாகும். ‘குமிழ்வெடிப்பு’ தப்பு, அது வெளியே வெடிப்பதில்லை, உள்ளே நொறுங்குகிறது. நான் ‘குமிழுடைவு’ என்று எழுதுகிறேன். சேதம் உடைவதில்தானே இருக்கிறது! நீர்க்குமிழிக்கு ‘மொக்குள்’ என்ற அழகான பழஞ்சொல் உண்டு. ஆனால் பிட்டரிடம் சொன்னால் முறைப்பார்.

அபாயத்தை அளப்பது சுலபம். கேஜில் முன்னே 8 பார், பின்னே 1 பார் என்றால், காற்றழுத்தம் சேர்த்து 9, 2. முன்னழுத்தத்தில் ஆவியழுத்தத்தை (தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் அந்த 0.03 பாரை) கழித்து, அழுத்த இறக்கத்தால் (9 − 2 = 7) வகுத்தால் 8.97 ÷ 7, அதாவது 1.28. வால்வுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த எல்லை எண்ணைவிட இது சிறிதானால் ஆபத்து. ஒரு வம்பு உண்டு: சில கேட்லாக்கில் முன்னழுத்தத்துக்குப் பதில் பின்னழுத்தத்தை மேலே போடுவார்கள். அப்போது இதே வால்வுக்கு 0.28 வரும். எப்போதும் சரியாக 1 வித்தியாசம். எந்தச் சூத்திரம் என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு கெட்டது.

எண் சிறிதாக வந்தால் இரண்டு வால்வு வரிசையாக வையுங்கள்: 8இலிருந்து 3.5, அப்புறம் 1. முதலாவதற்கு 1.99, அடுத்ததற்கு 1.79.