'கோஸ்ட் இன் த ஷெல்' ஆடும்போது தலை சுற்றுவது ஏன்?

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்காக எக்ஸாக்ட் நிறுவனம் உருவாக்கி 1997இல் வெளிவந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' வீடியோ ஆட்டத்தை, இன்றும் தேடிப்பிடித்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள். மசமுனே ஷிரோவின் மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) பிறந்து, 1995இல் மமோரு ஓஷீ இயக்கிய அனிமே படத்தால் (ஜப்பானிய அசைவூட்டப் படத்தால்) உலகெங்கும் அறியப்பட்ட சைபர்பங்க் உலகம், அதாவது மனிதரும் இயந்திரமும் கலந்த எதிர்காலக் கற்பனை உலகம் அது. ஆடுபவர் காவல் அமைப்பின் ஒன்பதாம் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக, ஃபுச்சிக்கோமா என்னும் சிலந்திக்கால் கவச வண்டியை ஓட்டி எதிரிகளைச் சுட வேண்டும். அந்த வண்டி செங்குத்துச் சுவரில் ஏறும்; கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஊர்ந்து செல்லும். ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது. தலைசுற்றலுக்குக் காரணமும் அதுவே.

காது மூக்கு தொண்டை மருத்துவராகத் தலைசுற்றல் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் எனக்கு, முப்பரிமாணச் சுடும் ஆட்டங்களை ஆடியபின் குமட்டலோடு வரும் இளைஞர்கள் புதியவர்கள் அல்லர். முதலில் அடிக்கடி கொட்டாவி வந்தது, பிறகு வாயில் எச்சில் ஊறியது, நெற்றி வியர்த்து முகம் வெளிறியது, கடைசியில் வயிற்றைப் புரட்டியது என்று ஏறத்தாழ ஒரே வரிசையில் சொல்வார்கள். கண்ணில் பவர் கூடிவிட்டதோ, மூளையில் கட்டியோ என்ற அச்சத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. அவர்களுடைய சமநிலை உறுப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதையே இந்த அறிகுறிகள் காட்டுகின்றன.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றின் அருகே நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களைத் தாங்கிய இரண்டு பைகள், புவியீர்ப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இடைவிடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஃபுச்சிக்கோமா சுவரில் ஒட்டிக்கொள்ளும்போது காட்சியும் அதனோடு சேர்ந்து சாய்ந்து, சற்றுமுன் சுவராக இருந்தது தரையாகிவிடுகிறது. உடலே உருண்டுவிட்டதாகக் கண் சொல்ல, நீ அசையாமல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாய் என்று உட்செவி மறுக்கிறது. இந்த முரண்பாட்டை மூளையால் தீர்க்க முடியாதபோது குமட்டல் தொடங்குகிறது என்பதே உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970களில் விரித்துரைத்த, இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இடம் வலமாகத் திரும்பும் சாதாரண ஆட்டங்களில் மேல் கீழ் என்பதாவது மாறுவதில்லை. இந்த ஆட்டத்தில் அந்தப் பிடிமானமும் போய்விடுகிறது.

கருவியின் பழமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. முதல் பிளேஸ்டேஷன் உருவங்களின் முனைகளை முழு எண் புள்ளிகளிலேயே வைத்து வரையும். மேற்பரப்பில் ஒட்டும் படங்களைத் தொலைவுக்கேற்பத் திருத்தாது. அதனால் பரப்புகளின் விளிம்புகள் நடுங்குகின்றன. வண்டி சுவரை நெருங்கும்போது சுவரின் கோடுகள் நெளிகின்றன. இந்த நெளிவும் மூளையின் சுமையைக் கூட்டுகிறது என்பது என் கணிப்பு. பழைய கன்சோலை இன்றைய தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் இணைத்தால், படம் பதப்படுத்தப்படும் நேரத்தால் விரல் அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் உண்டாகும். தொலைக்காட்சியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோடு' அமைப்பு இருந்தால் அதை இயக்கிவிடுவது நல்லது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஆடும் அண்ணனைவிட அருகில் உட்கார்ந்து பார்க்கும் தம்பிக்கே குமட்டல் முதலில் வரலாம். மலைப்பாதைப் பேருந்தில் ஓட்டுநருக்கு வராத வாந்தி பயணிக்கு வருவதற்கும் காரணம் இதுதான். அடுத்த திருப்பத்தை முன்கூட்டி அறிந்தவரின் மூளை அதற்குத் தயாராகிவிடுகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள்.

முதல் கொட்டாவியிலேயே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள் என்பதையே எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். இந்தக் கட்டத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்பவர்களுக்கு, சில நிமிடங்களில் அடங்கியிருக்க வேண்டிய குமட்டல் மணிக்கணக்கில் நீடிக்கிறது. நாளுக்குச் சிறிது நேரம், நன்றாகத் தேறிய பிறகே மறுபடியும் என்று ஆடினால் பலருக்கு மூளை பழகிக்கொள்ளும். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். அறையில் விளக்கு எரியட்டும். தலை தெளியும்வரை இருசக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். பயண வாந்திக்கான மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடுவது வேண்டாம். அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பாதிப்பு, ஒளிமினுக்கத்தால் தூண்டப்படும் வலிப்பு. இந்த ஆட்டம் வெளிவந்த அதே 1997இல், டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னியதில், 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. வெடிப்புகள் தொடர்ந்து மின்னும் எந்தச் சுடும் ஆட்டத்திலும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். திரை மின்னும்போது கண் கூசி, பார்வை விசித்திரமாக மாறினாலோ, கை தன்னிச்சையாகத் துடித்தாலோ, ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு உடனே திரையிலிருந்து முகத்தைத் திருப்புங்கள். பிறகு நரம்பியல் மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி ஆட வேண்டாம்.

ஆட்டத்தை நிறுத்தி ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின்னும் தலைசுற்றல் இருந்தாலோ, படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, பழியை ஆட்டத்தின்மேல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். திடீரெனக் காது கேளாமல் போனால் அன்றே காட்டியாக வேண்டும். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நடக்க முடியாமல் தள்ளாடினாலோ உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.