நீலப்பூவுக்கு ஒரு நெயில் கட்டர்

மார்னிங் குளோரி என்ற பூக்கொடியின் விதையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மண்ணில் போட்டால், சில விதைகள் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். மற்றவை கல் மாதிரி கிடக்கும். பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். பெரும்பாலும் அவர்மேல் தப்பு இருக்காது. விதைக்குள் இன்னும் தண்ணீரே போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விதையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். 5, 6 மில்லிமீட்டர் நீளம், கறுப்பு நிறம். முதுகு உருண்டிருக்கும், எதிர்ப்பக்கம் இரண்டு தட்டை முகங்கள் ஒரு விளிம்பில் சேரும். அந்த விளிம்பின் கீழ்நுனியில் சின்னதாக ஒரு தழும்பு தெரியும். காய்க்குள் விதை ஒட்டியிருந்த இடம் அது. விதையுறைக்குள் நீளமான செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து நிற்கும் ஓர் அடுக்கு உண்டு. விதை காயக் காய அது இறுகி, சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடாது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியை ஆராய்ந்தவர்கள், தழும்பை ஒட்டியுள்ள இரண்டு மேடுகள்தான் தண்ணீர் நுழையும் வழி என்று 2007-இல் கண்டார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்து சில நாட்கள் பட்ட பிறகே அந்த வழி திறக்கத் தயாராகும்.

செடிக்கு இதில் லாபம் உண்டு. கோடையில் தப்பித்தவறிப் பெய்யும் ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்தால், அடுத்த வார வெயிலில் மொத்தமும் கருகிவிடும். ஆளுக்கொரு நேரம் முளைத்தால் சிலவாவது பிழைக்கும்.

நமக்கோ எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும். இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை நேரே விதைக்கலாம். உப்பாதவற்றுக்குத்தான் நெயில் கட்டர். உருண்ட முதுகுப் பக்கத்தில், உள்ளே வெளிர் நிறம் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுங்கள். தழும்புப் பக்கம் வேண்டாம், முளைவேரின் நுனி அங்கேதான் இருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. மறுபடி சில மணி நேரம் ஊறினால் போதும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் விட்டால் ஆக்சிஜன் கிடைக்காமல் விதை அழுகும்.

ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள், அதுவும் செடி கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே. வேரைக் கிளறினால் இது சுணங்கிவிடும். முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் நடுவில் ஆழமாகப் பிளந்திருக்கும். பூச்சி கடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அதன் வடிவமே அதுதான்.

அப்புறம் பூ. கொடி தளதளவென்று ஏறியும் பூக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் உரத்தைச் சந்தேகிப்பார்கள். தழைச்சத்து அதிகமானால் வெறும் இலைதான் என்பது உண்மையே. ஆனால் மொட்டை மாடி விளக்கையும் ஒருமுறை பாருங்கள். இந்தக் கொடி இரவின் நீளத்தை அளந்து பூப்பது. ஜப்பானியர்கள் அசகாவோ என்று கொண்டாடும் இனத்தில் ஒரு ரகத்துக்கு, வித்திலைப் பருவத்தில் 16 மணி நேரம் நீளும் ஒரே ஓர் இரவு கிடைத்தாலே பூமொட்டு உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த இருட்டின் நடுவே சில நிமிடம் சிவப்பொளி காட்டினால் கணக்குத் தப்பி, பூ வருவதில்லை. சென்னையில் ஜூன் மாதத்திலும் இரவு 11 மணி நேரத்துக்குக் குறையாது என்பதால், நமக்குக் கவலை இரவின் நீளமல்ல, விடிய விடிய எரியும் பல்புதான்.

மலரும் நேரமும் இருட்டை வைத்துத்தான். அசகாவோவின் மொட்டு, சூரியன் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. முந்தைய மாலை இருட்டியதிலிருந்து ஏறக்குறைய 10 மணி நேரத்தில் விரிந்துவிடும்.

'ஹெவன்லி புளூ' என்ற நீல ரகம் வளர்ப்பவர்கள் முந்தின நாளே மொட்டைப் பார்த்து வையுங்கள். அது செவ்வூதா நிறத்தில் இருக்கும். மறுநாள் பூ வான நீலம். நிறமி மாறவில்லை, இதழின் செல்லுக்குள் இருக்கும் நீர்மத்தின் பி.எச். அளவு சுமார் 6.6-லிருந்து 7.7-க்கு ஏறுகிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது. பூ விரியும் நேரத்தில் ஒரு புரதம் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றிவிட்டு, பதிலுக்குப் பொட்டாசியம், சோடியம் அயனிகளை உள்ளே வாங்குகிறது. சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகுமே, அதைத் திருப்பிப் போட்ட கதை. அன்று மாலைக்குள் பூ வாடிச் சுருளும்போது மறுபடி சிவப்புச் சாயல் ஏறும்.

கொடி ஏற மெல்லிய கயிறு போதும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். உதவி செய்கிறேன் என்று மாற்றிச் சுற்றிவிட்டால் தானே அவிழ்ந்துகொள்ளும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் விதைப் பாக்கெட்டை உயரத்தில் வையுங்கள். ஹெவன்லி புளூ விதையில் மூளையைப் பாதிக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. அவற்றைத் தயாரிப்பது செடியல்ல. செடியோடு ஒட்டி வாழ்ந்து, விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போகும் ஒரு பூஞ்சை.

காய்கள் பழுப்பானதும் வெடிப்பதற்குள் பறித்துவிடுங்கள். விட்டுவிட்டால் விதைகள் மண்ணில் கிடந்து, அடுத்தடுத்த வருடங்களில் ரோஜாத் தொட்டி, கறிவேப்பிலைத் தொட்டி என்று கேட்காத இடத்திலெல்லாம் முளைக்கும்.