சாய்த்தால் மறையும் கோடு

மக்காச்சோளத்தை உரிக்கும்போது கவனித்திருப்பீர்கள், சில கதிர்களில் ஒரு மணி வரிசை பாதியிலேயே நின்றுவிடும். பக்கத்து வரிசைகள் வளைந்து வந்து அந்த இடைவெளியை மூடிக்கொள்ளும். படிகத்திலும் ஓர் அணுத்தளம் இப்படிப் பாதியில் முடிவதுண்டு. அது முடிகிற கோட்டுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர்.

நீல எல்இடி விளக்குக்கு உயிரான காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்திப் படிகத்தில் இவை ஏராளம். அதைப் பெரும்பாலும் சஃபையர் தகட்டின் மேல்தான் வளர்க்கிறார்கள். இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 16 சதவீதம் வேறுபடுவதால், சேருமிடத்தில் பிறக்கும் குறைகள் ஒளி உமிழும் அடுக்குவரை ஏறிவிடுகின்றன.

இவற்றைப் பார்க்க ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி உதவுகிறது. எலக்ட்ரான்கள் புகுந்து வெளியேற வேண்டுமே, அதனால் மாதிரியை 100 நானோமீட்டர் அளவுக்கு அயனிக் கற்றையால் சீவுகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. சீவுவதே புதுக் காயங்களை உண்டாக்கிவிடலாம்.

சரி, படத்தில் கறுப்பாகத் தெரியும் கோடு என்ன? அங்கே அணுக்கள் குறைவு என்று அர்த்தமில்லை. குறையைச் சுற்றி அணுத்தளங்கள் வளைந்திருக்கின்றன. அந்த வளைவு எலக்ட்ரான்களை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் அவை படத்துக்கு வந்து சேர்வதில்லை. நாம் பார்ப்பது குறையை அல்ல, அது அக்கம்பக்கத்தில் செய்த கலாட்டாவை.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இனிதான். மாதிரியைச் சில பாகைகள் சாய்த்து, வேறொரு தளக் கூட்டத்தில் எலக்ட்ரான்கள் சிதறும்படி செய்தால் சில கோடுகள் காணாமல் போகும். அந்தத் தளங்களை அக்குறை வளைக்கவில்லை என்று பொருள். அதாவது, அணுக்கள் அந்தத் தளங்களை ஒட்டியே நகர்ந்திருக்கின்றன. எந்தச் சாய்வில் எது மறைகிறது என்று குறித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கோட்டின் வகையும் பிடிபட்டுவிடும்.

1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நன்றாக ஒளிரும் நீல எல்இடி ஒன்றை இப்படிப் பார்த்தபோது, சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கும் மேல் டிஸ்லொகேஷன்கள் இருந்தன. சிவப்பு, அகச்சிவப்பு எல்இடிகளில் பயன்படும் காலியம் ஆர்சனைடாக இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே ஒளியை அணைத்திருக்கும். இது எப்படி எரிகிறது?

ஒளி உமிழும் அடுக்கில் கலந்துள்ள இண்டியம் என்ற உலோகம் ஆங்காங்கே திரண்டிருக்கிறது, மின்சுமைகள் குறையைச் சென்றடையுமுன் அங்கே சிக்கி ஒளியாகிவிடுகின்றன என்று பிறகு பலர் விளக்கினார்கள். நுண்ணோக்கிப் படங்களிலும் திரள்கள் தெரிந்தன. ஆனால் 2003-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு சங்கடத்தைக் காட்டினார்கள். நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றை பட்ட கொஞ்ச நேரத்திலேயே மாதிரி சேதமாகி, இண்டியம் திரண்டதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. பார்த்த செயலே காட்சியை உருவாக்கியிருந்தது! சுமைகள் சிக்கிக்கொள்வது உண்மைதான். அதற்கு இண்டியம் அணுக்கள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பதும், அடுக்கின் தடிமன் ஓரிரு அணு அளவு ஏறி இறங்குவதுமே போதும் என்கிறார்கள் இப்போது.