பின்னங்கால் வெள்ளை, பாதம் கறுப்பு: எண்ணெய் எடுக்கிற தேனீய அடையாளம் பிடிக்கிறது எப்பிடி

ஆடிப்பிறப்பு அண்டைக்கு நாங்கள் இஞ்ச வெள்ளவத்தையில கூழ் காய்ச்சிக்கொண்டு நிக்கேக்க ஜெர்மனியில இருக்கிற பெரியம்மாட மகள் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினவ. வாய்க்கால் கரையில மஞ்சள் பூ, அதுக்குள்ள சின்னனா ஒரு கறுப்புத் தேனீ. "தம்பி, உதிண்ட காலைப் பார், வெள்ளை மேஸ் போட்ட மாதிரிக் கிடக்கு, உது என்ன சாதி?" எண்டு கேட்டிருந்தா. கூழ அப்பிடியே வச்சிட்டு பல்கனிக்குப் போய் போட்டோவப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தன், எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு, ஏனெண்டா அந்தப் பூவில தேன் ஒரு சொட்டும் இல்லை. அந்தத் தேனீ அங்க வந்தது எண்ணெய் எடுக்க.

ஓம், எண்ணெய்தான். பூ பூச்சிக்குக் குடுக்கிறது தேனும் மகரந்தமும் எண்டுதான் நாங்கள் எல்லாரும் படிச்சம். பூவுக்கும் பூச்சிக்கும் என்ன தொடர்பு எண்டு ஸ்ப்ரெங்கெல் எண்ட ஜெர்மன்காரர் 1793லயே விரிவா எழுதிட்டார், ஆனா கொழுப்பெண்ணெயக் கூலியாக் குடுக்கிற பூக்களும் உலகத்தில இருக்கு எண்டத ஸ்டெஃபான் ஃபோகல் எண்ட தாவரவியலாளர் 1969ல தான் எடுத்துச் சொன்னவர். இடையில 176 வருசம்! அவ்வளவு காலமும் அந்தப் பூக்கள் வேலியோரத்திலயும் வாய்க்கால் கரையிலயும் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கு.

அக்கா அனுப்பின தேனீட பேர் மக்ரோபிஸ் யூரோபேயா. பூ லைசிமாக்கியா வல்காரிஸ், ஈரமான இடங்களில வளரும். இந்தப் பூவிண்ட இதழ் அடியிலயும் மகரந்தத் தாள்களிலயும் பொடிப் பொடியா சுரப்பி மயிர்கள் இருக்கு, ஒவ்வொண்டிண்ட நுனியிலயும் துளியிலும் துளியா எண்ணெய் கசியும். கண்ணுக்குத் தெரியிற அளவு இல்லை. அதை எப்பிடி ஒரு பூச்சி அள்ளும்? நாக்கால நக்கி எடுக்கிறேல்ல. முன்னங்காலிலயும் நடுக்காலிலயும் பாதத்தில மெத்தை மாதிரி அடர்த்தியா நுண் மயிர் இருக்கு, அதால அந்தச் சுரப்பிகளில தேய்க்கும், தேய்க்கத் தேய்க்க எண்ணெய் மயிருக்கு இடையில தானா ஏறிடும். சாமியறை விளக்கில திரி எண்ணெய இழுக்கிற அதே விசயம்தான், மெல்லிய இடைவெளிக்குள்ள திரவம் தன்பாட்டில ஏறுறது. பிறகு அதை வழிச்சுப் பின்னங்காலுக்கு மாத்தி, அங்க மகரந்தத்தோட குழைச்சு வச்சுக்கொண்டு பறக்கும். நாங்கள் பொரிவிளாங்காய்க்கு மாவப் பாகு விட்டுக் குழைக்கிற மாதிரி, இது எண்ணெய் விட்டுக் குழைக்குது. அதாலதான் இதிண்ட பின்னங்கால் மகரந்தம் ஈரமா, மினுக்கமாத் தெரியும்.

எடுத்த எண்ணெய் ரெண்டு வேலைக்கு. ஒண்டு பிள்ளைச் சாப்பாடு. கொழுப்பில, அதே நிறைச் சீனியப் போல ரெண்டு மடங்குக்கு மேல சக்தி இருக்கு, புழு வளர அது நல்ல சாமான். மற்றது எனக்கு இன்னும் பிடிச்சது: இந்தத் தேனீ கூடு கட்டுறது நிலத்துக்குள்ள, அதுவும் கனக்கத் தண்ணிக் கரைகளுக்குக் கிட்ட. முட்டை இடுற அறைச் சுவருக்கெல்லாம் இந்த எண்ணெயப் பூசி ஈரம் உள்ளுக்கு வராமப் பண்ணுது. மகரந்தம் பூஞ்சணம் பிடிச்சா பிள்ளை சாகும், அதால அந்தப் பூச்சு உயிர்ப் பிரச்சினை. தாய்த் தேனீக்குத் தன்ர வயித்துக்குத் தேன் வேணுமெண்டா வேற பூக்களுக்குத்தான் போகோணும்.

மஞ்சள் பூ எத்தனையோ இருக்கு, இந்த ஒண்டை மட்டும் எப்பிடித் தேடிப் பிடிக்குது? 2015ல வெளிவந்த ஒரு ஆய்வில இதிண்ட உறவுத் தேனீ மக்ரோபிஸ் ஃபுல்விபெஸ வச்சுப் பாத்தவை. பூவில இருந்து வாற டயசெட்டின் எண்ட வாசனைப் பொருள அதிண்ட உணர்கொம்பு பிடிக்குது, அந்த வாசத்தைத் தேடித் தேனீ வருது. எண்ணெய் இருக்கிற பூவெண்டு அந்த வாசமே சொல்லிக் குடுக்குது.

இப்ப அடையாளத்துக்கு வருவம். உண்மையச் சொன்னா முதல்ல தேனீயப் பாக்கக் கூடாது, பூவைப் பாக்கோணும். ஐரோப்பாவில ஆடி ஆவணியில லைசிமாக்கியாவுக்குள்ள 8, 9 மில்லிமீற்றர் அளவில ஒரு கறுப்புத் தேனீ மும்முரமாத் தேய்ச்சுக்கொண்டு நிண்டா பாதி வேலை முடிஞ்சுது. பிறகு பின்னங்கால். பெண்ணுக்குக் கணைக்கால் முழுக்க அடர்ந்த வெள்ளை மயிர், அதுக்குக் கீழ வாற பாதத் துண்டில கறுப்பு மயிர். அக்கா மேஸ் எண்டு சொன்னது இந்த வெள்ளையத்தான், அவவிண்ட கண்ணுக்கு நான் நன்றி சொல்லோணும். வயிறு மினுங்குற கறுப்பு, கடைசிப் பக்கத்தில வெள்ளை மயிர்க் கோடுகள். நான் முதல் சொன்ன ஃபுல்விபெஸும் அங்கயே அதே பூவுக்கு வாறதால குழம்பும், ஆனா அதிண்ட பின்னங்கால் மயிர் மஞ்சள் கலந்த மண்ணிறம், வெள்ளை கறுப்பு எண்டு பளிச்செண்டு பிரியாது. சாதாரண தேனீயோட மாறுபடுமோ எண்டு சந்தேகமெண்டா முன்சிறகப் பாருங்கோ, மேல் ஓரத்துக்குக் கீழ வரிசையா இருக்கிற சின்ன அறைகள் தேனீக்கு மூண்டு, இதுக்கு ரெண்டு. அதுக்கு நல்ல போட்டோ வேணும், போன் கமராவில கொஞ்சம் கஷ்டம்.

ஆணுக்கு அந்த வெள்ளை மயிர்க் கட்டு இல்லை, அது எண்ணெய் காவுறேல்ல. அதிண்ட முகம் மஞ்சள், பின்னங்கால் தடிச்சிருக்கும். ஜெர்மன்காரர் இந்தச் சாதிக்கே தொடைத் தேனீ எண்டு அர்த்தம் வாற பேர்தான் வச்சிருக்கினம்.

இந்த எண்ணெய்த் தொழில் ஐரோப்பாவோட மட்டும் நிண்ட விசயமில்லை. தென்னாபிரிக்காவில ரெடிவிவா எண்டொரு தேனீச் சாதி, டயாசியா பூவில எண்ணெய் ரெண்டு நீளக் குழாயிண்ட அடியில கிடக்கிறதால சில இனங்களுக்கு முன்னங்கால் உடம்பை விட நீளம். எங்களுக்குக் கிட்டவான கதையும் இருக்கு. மார்க்கெற்றில வாங்குற பாவக்காயும் தும்ப கரவிலவும் மொமோர்டிகா எண்ட இனக்கூட்டம், அதில ஆபிரிக்காவிலயும் ஆசியாவிலயும் கன செடிகள் பூவில எண்ணெய் வைக்கும், எடுக்கிறது க்டெனோப்ளெக்ட்ரா எண்ட தேனீ. கிரேக்கத்தில அந்தப் பேருக்கு சீப்பு முள் எண்டு கருத்து, ஏனெண்டா அதிண்ட பின்னங்கால் முள்ளு அகண்டு சீப்பு மாதிரியே இருக்கும். அதுக்கும் காலைப் பாத்தாத்தான் ஆளைத் தெரியும்.

இவ்வளவத்தையும் வொய்ஸ் மெசேஜில அக்காவுக்குச் சொன்னன், ஆறின கூழக் குடிச்சுக்கொண்டு. ரெண்டு நாளால இன்னொரு போட்டோ வந்துது. அதே வாய்க்கால் கரை, அதே பூ, செடிக்குப் பக்கத்தில கலங்கலா ஒரு தேனீ பறந்துகொண்டு நிக்குது. "இதுக்கு மேஸ் இல்லை தம்பி, ஆனா முகம் மஞ்சள்."