குளிர்காலம் தணிந்தால் மண் உறைகிறது

பனியை வாரி ஒதுக்கிய இடத்தில் பிப்ரவரி மாதம் மண் எடுக்கக் கடப்பாரை வேண்டும். நாலடி தள்ளி, முழங்கால் அளவு பனி கிடக்கும் இடத்தில், அதே நாளில் கையால் கிளறினாலே மண் வரும். ஈரமாக, மக்கிய இலை வாசனையோடு. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் மண் மாதிரி எடுக்கும் வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே இல்லை.

"குளிர் குறைந்தால் மரத்துக்கு நல்லதுதானே?" என்று ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள். இல்லை. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதனால்தான் அது கம்பளிபோலச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. வெளியே மைனஸ் 20 டிகிரி அடித்தாலும், நல்ல கனமான பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். இப்போது பனி தாமதமாக விழுகிறது, நடுவில் மழை பெய்து கரைத்துவிடுகிறது. ஆனால் கடுங்குளிர் இரவுகள் அடியோடு நின்றுவிடவில்லை. அப்படி ஓர் இரவு வெறும் தரையில் இறங்கினால் மண் உறைகிறது, உருகுகிறது, மறுபடி உறைகிறது.

உறைந்த ஆழத்தை அளக்க நீலச்சாயம் கலந்த தண்ணீர்க் குழாயை மண்ணில் செருகிவைப்போம். தண்ணீர் உறைந்த இடம் மட்டும் நிறமிழந்து தெளிவாகிவிடும். பனியில்லாத இடத்துக் குழாயை உருவும்போது நிறமிழந்த பகுதி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்க்கவே மனம் பதறும். ஏனென்றால் மரத்துக்குச் சோறு ஊட்டும் சல்லிவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. உயிருள்ள வேர் விறைப்பாக இருக்கும். உறைந்து செத்த வேரைக் கிள்ளினால் தோல் விரலோடு உரிந்து வரும்.

நியூ ஹாம்ப்ஷயரில் 1955இல் தொடங்கிய ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குளிர்காலத்தின் முதல் நான்கைந்து வாரம் பனியை வாரி அகற்றினார்கள். சர்க்கரை மேப்பிள் மரங்களின் வளர்ச்சி சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதே காட்டில் நடந்த முந்தைய சோதனையில், வேர் செத்ததால் உறிஞ்ச ஆளில்லாமல் நைட்ரேட் என்ற தழைச்சத்து மண்ணிலிருந்து கழுவிப் போனது. அமிலமழை ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்தைப் பறித்துக்கொண்ட மண் அது. கோடைச் சூட்டில் மரம் கூடுதலாக வளர்ந்து ஈடுகட்டிவிடும் என்று நம்பவும் வழியில்லை. வளரும் பருவத்தில் மண்ணுக்குள் கம்பி பதித்து 5 டிகிரி சூடேற்றி, குளிர்காலத்தில் பனியையும் அகற்றிய இடங்களில், வேர்கள் தழைச்சத்தை எடுக்கும் திறன் குறைந்தே போனது.

அலாஸ்காவின் தென்கிழக்கில் மஞ்சள் சீடர் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து நிற்பதற்கும் இதே காரணம்தான்: பனி இல்லாமல் உறைந்த வேர்.

கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ, அதையொட்டிய மார்க்கம் பக்கம் வீட்டு முற்றத்தில் மேப்பிள் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையுதிர் காலத்துச் சருகை ஒன்றுவிடாமல் கூட்டிப் பையில் கட்டிவிடாதீர்கள்; மரத்தடியில் கொஞ்சம் கிடக்கட்டும். வாசலில் வாரும் பனியை வேர்ப் பகுதியின் மேல் போடுங்கள். உப்புத் தூவிய பனியை மட்டும் அங்கே கொட்டவே கூடாது. டிசம்பரில் பனியில்லாமல் தரை வெறுமையாகக் கிடந்து, இரவுக் குளிர் கடுமையாகும் என்று செய்தியில் சொன்னால், அன்று மாலையே இரண்டு கூடை சருகை அள்ளிப் பரப்பிவிடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்க வேண்டாம்; கிளைகள் விரியும் அளவுக்குப் பரவலாக.