ரெண்டு கிலோ யூரியாவும் ஒரு கோரையும்

ராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளிப் பக்கம் என் மச்சான் புது வீடு கட்டி, வாசலில் 400 சதுர அடிக்குப் புல்தரை போட்டார். புல் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கவும் ஒரு மத்தியான வேளையில் ரெண்டு கிலோ யூரியாவைக் கையால் வீசிவிட்டார். நாலு நாள் கழித்து போன்: “மாப்ளே, புல்லெல்லாம் தீஞ்சுபோச்சு.” போய்ப் பார்த்தால், அவர் கை வீசின தடம் அப்படியே பழுப்பு வரி வரியாகத் தெரிகிறது.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அந்த இடத்துக்கு ஒரு தடவைக்கு 400 கிராமே தாராளம், இவர் போட்டது ஐந்து மடங்கு. நெத்திலியில் உப்பைப் போட்டால் மீனிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறதே, வேரைச் சுற்றி உரக்கரைசல் கெட்டியானால் வேருக்கும் அதே கதிதான்; ஈரம் இருந்தும் புல்லால் குடிக்க முடியாது, போதாக்குறைக்கு நாம் பாய்ச்சுவதே உப்புத்தண்ணி. அது போக, சிப்பித்தூள் கலந்த காரத்தன்மையுள்ள கடற்கரை மணலில், வெயிலில் மேலாகக் கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகிப் பறந்துவிடும். போகிற போக்கில் இலையையும் பொசுக்கும்.

சரி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால்? புல் தப்பிக்கும், கிணறு மாட்டும். மண்ணிலுள்ள பாக்டீரியா மிச்ச நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, அதனால் களிமண்ணே அதைப் பிடித்து வைக்காது; நம் மணலில் தண்ணீரோடு சேர்ந்து நேராக இறங்கிவிடும். கீழே, உப்புநீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் நாம் ஊற்று தோண்டி இறைக்கிறோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கூடினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் போட்டே ஆக வேண்டுமென்றால் நூறு நூறு கிராமாக, வாரங்கள் இடைவெளி விட்டு, சாயங்காலம் போட்டு அளவாக நனைப்பதுதான் வழி.

அப்புறம் களைக்கொல்லி. புல்லுக்கு நடுவே முளைத்திருந்ததற்கு மச்சான் 2,4-டி அடித்திருந்தார். அது செடியின் வளர்ச்சி ஹார்மோன் போல நடிக்கும் மருந்து. அகன்ற இலைச் செடி கன்னாபின்னாவென்று வளர்ந்து முறுக்கிச் சாகும், புல் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் அவர் வாசலில் இருந்தது கோரை. தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், உருளாது, முக்கோணமாக இருக்கும். மேலே கருகினாலும் மண்ணுக்குள் சரம் சரமாகக் கிழங்கு இருக்கிறது, திரும்ப முளைக்கும். பச்சையாக இருப்பதையெல்லாம் கொல்லும் கிளைபோசேட் களைக்கொல்லியை அடித்தால் கோரையோடு புல்தரையும் காலி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு கிண்டி எடுப்பது சலிப்பான வேலைதான், ஆனால் நாலு தடவை செய்தால் அடங்கும்.

மருந்து போய்ச் சேர்ந்தது வேறு இடத்தில். 2,4-டியின் எஸ்டர் வகை சூட்டில் ஆவியாகிக் காற்றோடு போகும், சாதா வகையும் கடற்காற்றில் சாரலாகப் பறக்கும். பருத்தியும் மிளகாயும் அதற்கு ரொம்பவே நொய்மை. பக்கத்துக் கொல்லையில் குண்டு மிளகாய்க் கொழுந்தெல்லாம் நாடா மாதிரி சுருண்டிருந்தது. மருந்தடிக்கிற கேனில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும், அடுத்து அதே கேனில் பூச்சிமருந்து கலந்து மிளகாய்க்கு அடித்தால் இதே சுருட்டல்தான். மச்சான் கேனில் பெயின்டால் ‘களை’ என்று பெரிசாக எழுதித் தனியாக மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனார்.